பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் என் சித்தப்பாவை நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயது 86. மாரடைப்புதான்; ஆனால் ரத்தக்குழாய் முழுவதும் அடைபடாத வகை. ஆஞ்சியோ செய்து தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைக்கலாமா, மாத்திரையோடு பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார்.

வராந்தாவிலேயே இரண்டு கட்சி. "காசு போனால் போகட்டும், ஸ்டென்ட் வையுங்கள். இல்லாவிட்டால் ஊர் என்ன பேசும்?" என்றது ஒன்று. "இந்த வயசுல எதுக்கு?" என்றது இன்னொன்று. கட்டிலில் கிடந்தவரை யாரும் கேட்கவில்லை. வகுப்பில் "கேள்வி கேளுங்கடா" என்று தொண்டை வறளக் கத்திய நானும் கேட்கவில்லை.

இரண்டு கட்சியும் தப்பு. பிரிட்டனில் 48 மருத்துவமனைகளில், இதே வகை மாரடைப்பு வந்த 75 வயதைத் தாண்டிய 1,518 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. சராசரி வயது 82. சுமார் நான்கு ஆண்டுகளில் இதயநோயால் இறந்தவர்களும் மீண்டும் மாரடைப்பு வந்தவர்களும் சேர்த்து, ஆஞ்சியோ வழியில் 25.6 சதவீதம், மருந்து வழியில் 26.3. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உயிர்போகாத மாரடைப்பு மட்டும் ஆஞ்சியோ வழியில் குறைவு: 11.7, மருந்து வழியில் 15. ஆகவே "ஸ்டென்ட் வைத்தால்தான் பிழைப்பார்" என்பதும் பொய். "வயசானவருக்கு வீண்" என்பதும் பொய்.

ஸ்டென்டுக்கும் விலை உண்டு. ஆஞ்சியோவுக்கு ஏற்றும் மருந்து பலவீனமான சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளால் ரத்தக்கசிவு வரலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். நெஞ்சு வலி வந்தால் வயதைப் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த வகை என்று இ.சி.ஜி. பார்த்து டாக்டர் சொல்லட்டும். குழாய் முழுவதும் அடைத்திருந்தால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். அங்கே பட்டிமன்றம் வேண்டாம்.

கடைசியில் வெட்கத்தோடு உள்ளே போய்க் கேட்டேன். சித்தப்பா டாக்டரிடம் திருப்பிக் கேட்டார்: "வச்சா தோட்டம் வரைக்கும் நடப்பனா?" "உறுதி சொல்ல முடியாது ஐயா" என்றார் டாக்டர். "அப்ப மாத்திரையே போதும்பா" என்றார் சித்தப்பா. இன்னொரு பெரியவர் ஸ்டென்டே வேண்டும் என்று சொல்லலாம். அதுவும் சரிதான்.

ஊருக்குப் பயந்து வைத்தியம் பார்க்காதீர்கள். அறுபது வருஷம் குடும்பத்துக்கே முடிவெடுத்தவருக்குத் தன் நெஞ்சைப் பற்றி முடிவெடுக்கத் தெரியாதா?