மலையைக் கடைசியாகக் கட்டுங்கள்

அசாம் ஜாவாவில் மலை கிடையாது. கோலசிலாங்கூர் பக்கம் போனால் புக்கிட் மெலாவத்தி என்றொரு சிறு குன்று உண்டு. மற்றபடி கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனையும் வடிகாலும் சமதரையும்தான். அதனாலோ என்னவோ, மாதிரி ரயில் செய்யலாம் என்றால் என் மாணவர்கள் முதலில் கேட்பது மலையைத்தான்.

சென்ற ஆண்டு அறிவியல் வாரத்திற்காக இரண்டாம் படிவ மாணவர்கள் ஐவர் மூன்று வாரம் பாடுபட்டு ஒரு மலை ரயில் மாதிரி செய்தார்கள். பாலிஸ்டிரின் மலை, பச்சை வண்ணம், அருவிகூட இருந்தது. கண்காட்சி நாளில் ரயில் முதல் வளைவு வரை ஏறியது. பிறகு சக்கரம் மட்டும் சுற்ற, வண்டி பின்னால் வழுக்கி வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். “மோட்டார் சரியில்லையா சார்?” என்று ஒருவன் கேட்டான்.

மோட்டாரில் குறையில்லை. அளந்து பார்த்தோம். ஒரு மீட்டர் நீளத்தில் 12 சென்டிமீட்டர் ஏற்றம். அதாவது 12 விழுக்காடு சரிவு. தவறு எனக்கும் உண்டு. அவர்கள் காட்டிய படம் அழகாக இருந்ததால் சரி என்றேன். ஓர் அளவையும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டின் நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் ஊட்டி வரையிலும் ஓடத் தொடங்கியது. அதன் மிகக் கடுமையான சரிவே 8.33 விழுக்காடுதான். அதற்கே கல்லாறு முதல் குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. இரும்புச் சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்கும் இடையே உராய்வு குறைவு. சமதரையில் அது வசதி. ஏற்றத்தில் அதுவே பலவீனம். பற்சட்டம் இல்லாத நம் பொம்மை ரயிலுக்கு 3 விழுக்காடு போதும்.

இனி கணக்குக்கு வருவோம். 120க்கு 60 சென்டிமீட்டர் பலகை. 160இல் ஒரு பங்கு அளவுள்ள, 9 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். 25 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் இரு முனை அரைவட்டங்களும் சேர்ந்து 157 சென்டிமீட்டர். நேர்ப்பாதை இரண்டும் தலா 60. மொத்தம் 277. ரயில் 5 சென்டிமீட்டர் உயரப் பாலத்தில் ஏறி இறங்க வேண்டுமா? 3 விழுக்காட்டில் ஏற 167, இறங்க 167. மொத்தம் 334 சென்டிமீட்டர். கணக்கு உதைக்கிறது! ஒரு சென்டிமீட்டர் பாலிஸ்டிரின்கூட வெட்டாமல், ஒரு தாளிலேயே இது தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் மலை வேண்டாமா? வேண்டும். ரயிலை ஏற்றாதீர்கள், நிலத்தை இறக்குங்கள். தண்டவாளத்தைச் சமமாகப் போடுங்கள். ஓரிடத்தில் அதன் கீழே பள்ளத்தாக்கை வெட்டிப் பாலம் வையுங்கள். இன்னோரிடத்தில் அதன் மேல் மலையை எழுப்பிச் சுரங்கம் வையுங்கள். ரயில் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. ஆனால் மலையில் ஓடுவதாகவே கண் நம்பும். சுரங்கத்தின் பின்புறம் கை நுழையும் அளவு திறப்பு விட மறக்காதீர்கள். ரயில் தடம் புரள்வது பெரும்பாலும் கைக்கு எட்டாத இடத்தில்தான்!

உண்மையான பொறியாளர்களும் மலையோடு மல்லுக்கு நிற்பதில்லை. பேராக்கில் பாடாங் ரெங்காஸ் அருகே புக்கிட் பெராப்பிட்டை 3 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்தால் கடந்தார்கள். இலங்கையின் தெமோதராவில் தண்டவாளம் மலையைச் சுற்றி வந்து, தன் நிலையத்திற்கு அடியிலேயே நுழைகிறது. தூரத்தைக் கூட்டிச் சரிவைக் குறைக்கும் தந்திரம் அது.

முழு மலையையும் சுருக்கிவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். ஏறக்குறைய 46 கிலோமீட்டர் நீலகிரிப் பாதையை 160இல் ஒரு பங்காக்கினாலும் 290 மீட்டர் வரும். பள்ளித் திடலே போதாது. ஒரு பாலம், ஒரு சுரங்கம், ஒரு சிறு நிலையம், அது போதும்.

“ரயில் மாதிரி பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு” என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். இன்ஜின் விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் சரிவைச் சோதிக்க ஒரு பலகை, நாலு புத்தகம், பேட்டரியில் ஓடும் ஒரு பொம்மைக் கார் போதும். ஒவ்வொரு புத்தகமாக அடுக்கி, எந்தச் சரிவில் சக்கரம் வழுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர் சக்கரம் இரும்புச் சக்கரத்தைவிட நன்றாகப் பற்றும் என்பதால் எண் மாறும், முறை மாறாது. மலைக்குப் பழைய நாளிதழும் வெள்ளைப் பசையும், புதருக்குத் தேங்காய் நாரும் இருக்கின்றன.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். கண்காட்சி மதிப்பெண்ணில் பாதியைத் திட்டத்தாளுக்குக் கொடுக்க வேண்டும். வண்ணம் பூச அப்பா உதவலாம், அக்கா உதவலாம். அளந்து, கணக்குப் போட்டு, தவறி, மீண்டும் அளந்த தாள் மாணவனுடையது. பளபளக்கும் மலைக்கு மட்டும் பரிசு கொடுத்தால், அளக்காமல் கட்டும் பழக்கத்திற்குத்தான் பரிசு கொடுக்கிறோம்.

அந்த ஐவரும் இவ்வாண்டு மூன்றாம் படிவம். மறுபடியும் மலை ரயில்தான் செய்யப் போகிறார்களாம். இம்முறை என்னிடம் படம் கொண்டு வரவில்லை. கட்டத்தாளும் அடிக்கோலும் கேட்டு வந்தார்கள்.