தொலைவிலிருந்து வரையப்படும் வன்னி: இணையவழிச் செயலமர்வுகளில் பென்சில் யார் கையில்?

கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கான செயலி, முல்லைத்தீவில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான வாழ்வாதாரத் திட்டம், வவுனியாவில் மாணவர்களுக்கான கற்றல் தளம். இன்று இப்படியான ஒரு வேலை ஆரம்பிக்கும்போது அதை வடிவமைக்கும் குழு ஒரே மேசையில் அமர்வது அரிது. ஒருவர் கொழும்பில் இருப்பார், இன்னொருவர் இலண்டனில், மற்றொருவர் ரொறன்ரோவில். பயன்படுத்தப் போகிறவர்கள் மட்டும் வன்னியில் இருப்பார்கள். எல்லோரும் சூம் திரையில் கூடும் இந்தச் சந்திப்பை ‘கூட்டு வடிவமைப்புச் செயலமர்வு’ என்கிறார்கள். ஆனால், அங்கு வடிவமைப்பு உண்மையில் கூட்டாக நடக்கிறதா?

இந்தக் கேள்விக்கு வன்னியில் ஒரு வரலாறு இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இறுதியில், வடக்கு கிழக்கில் போரால் பாதிக்கப்பட்டோருக்கு 65,000 பொருத்து வீடுகளை அமைக்கும் திட்டத்தை மீள்குடியேற்ற அமைச்சு முன்னெடுத்தது. ஆர்செலர் மிட்டல் என்ற பன்னாட்டு உருக்கு நிறுவனத்திடம் அந்த வேலையை ஒப்படைப்பதே நோக்கமாக இருந்தது. ஒரு வீட்டின் செலவு 20 இலட்சம் ரூபாவுக்கும் அதிகம். அந்தப் பணத்தில் இரண்டு கல்வீடுகளைக் கட்டலாம் என்று விமர்சகர்கள் கணக்குக் காட்டினார்கள். வன்னி வெயிலில் உருக்கு வீட்டுக்குள் எப்படி இருப்பது, விறகடுப்பை எங்கே வைப்பது, பிள்ளைகள் வளர்ந்ததும் ஓர் அறையைக் கூட்டிக் கட்ட முடியுமா என்ற கேள்விகள் எழுந்தன. மக்களுக்கு மாதிரி வீடுகள் காட்டப்பட்டன. ஆனால், அவை காட்டப்பட்டபோது வடிவம் ஏற்கனவே முடிவாகியிருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அந்தத் திட்டம் திட்டமிட்டபடி நடைபெறவில்லை.

அதற்கு முன்னரே வேறொரு வழி இதே மண்ணில் பரீட்சிக்கப்பட்டிருந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தின் முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர்கள் கட்டினார்கள். 2012 ஒக்டோபரில் ஆரம்பமான அடுத்த கட்டத்தில் முறை மாறியது. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. தொழில்நுட்ப ஆலோசனை கிடைத்தது. வீட்டைக் கட்டுவிக்கும் பொறுப்பு பயனாளியிடமே இருந்தது. இந்த முறையும் குறையற்றதல்ல. பொருட்களின் விலையேற்றத்தால் பல குடும்பங்கள் கடன்பட்டே வீட்டை முடித்தன. ஆனால், வாசல் எந்தத் திசையில் இருக்க வேண்டும், குசினி எங்கே வர வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள் அந்த வீட்டில் வாழப் போகிறவர்கள்.

கூட்டு வடிவமைப்பு என்ற எண்ணமே உரிமைப் போராட்டத்திலிருந்து வந்ததுதான். 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம், கணினி விஞ்ஞானி கிறிஸ்டன் நைகார்டுடன் சேர்ந்து வேலை செய்தது. தொழிற்சாலைக்குள் வரும் கணினி முறைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தொழிலாளருக்கும் பங்கு வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இன்றைய செயலமர்வுகளில் ஒட்டப்படும் வண்ணத் துண்டுச் சீட்டுகளுக்குப் பின்னால் அதிகாரத்தைப் பகிரும் இந்தக் கோரிக்கை இருப்பதைப் பலரும் மறந்துவிட்டோம்.

இணையவழியில் அந்தப் பகிர்வு மூன்று இடங்களில் உடைகிறது.

முதலாவது, இணைப்பு. கொழும்பிலிருப்பவர் மடிக்கணினியில், வைஃபையில் இருக்கிறார். கிராமத்திலிருப்பவர் கையடக்கத் தொலைபேசியில், டேட்டா அட்டையில் இருக்கிறார். மிரோ, ஃபிக்மா போன்ற வரைபலகைகள் சிறிய திரையில் திறக்கவே திணறும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் சேவை இலங்கைக்கு வந்தது. ஆனால், அதன் கட்டணம் ஒரு கிராமச் சங்கத்துக்கு எட்டக்கூடியதல்ல.

இரண்டாவது, மொழி. உரையாடல் ஆங்கிலத்தில் ஆரம்பித்தால், வயலையும் குளத்தையும் நன்கு அறிந்தவர் ‘ஓம், சரி’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த ‘சரி’ அறிக்கையில் சம்மதமாகப் பதிவாகும்.

மூன்றாவது, பேச்சு. திரையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பதவியும் பழக்கமும் உள்ளவர் முதலில் பேசுவார். மற்றவர்களின் யோசனைகள் அவர் சொன்னதைச் சுற்றியே வளையும். இது நேரடிக் கூட்டங்களுக்கும் பொருந்தும். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு, குழுவாகக் கூடி யோசிப்பவர்களை விட அதே எண்ணிக்கையானவர்கள் தனித்தனியே யோசித்தபோது அதிக யோசனைகள் கிடைத்ததைக் காட்டியது.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? பிரச்சினையை இரண்டு நாட்களுக்கு முன்னரே, தமிழில், வட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பலாம். ஒவ்வொருவரும் தாளில் வரைந்து, படம் எடுத்து அனுப்பட்டும். தட்டச்சுத் தெரியாதவர் குரலில் பதில் சொல்லட்டும். சூம் சந்திப்பு அதற்குப் பிறகுதான் வர வேண்டும். வந்து சேர்ந்த யோசனைகளைத் தெரிவு செய்ய ஒன்றரை மணிநேரம் போதும். வன்னியிலிருப்பவர்கள் முதலில் பேச, பணம் தருபவர் கடைசியில் பேசுவது நல்லது. கிராமத்தில் நேரில் நின்று கூட்டத்தை நடத்த ஒருவர் வேண்டும். அவருக்கும், ஒருநாள் கூலியை விட்டு வருபவர்களுக்கும் கொடுப்பனவு இருக்க வேண்டும். எடுக்கப்பட்ட முடிவுகளும், ஏற்கப்படாத யோசனைகளும், ஏற்காததற்கான காரணமும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாகத் திரும்பி வர வேண்டும்.

இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால், யாரும் திறக்காத செயலியும், யாரும் விரும்பாத வீடும் அதைவிடச் செலவு கூடியவை.

இதைச் செய்யக்கூடியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. இவர்களைத் தரவு சேகரிப்பவர்களாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் மட்டும் பயன்படுத்தாமல், செயலமர்வை நடத்துபவர்களாக ஏற்க வேண்டும்.

அடுத்த திட்ட முன்மொழிவு வரும்போது உள்ளூர்ச் சங்கங்கள் நிதி வழங்குநரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: எங்கள் பேச்சால் இந்த வரைபடத்தில் எந்தக் கோடு மாறியது? பதில் இல்லையென்றால் அங்கு நடந்தது வடிவமைப்புச் செயலமர்வு அல்ல, அறிவித்தல் கூட்டம். அதில் வைத்த கையொப்பத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லும் உரிமை அந்தச் சங்கங்களுக்கு உண்டு.