வியர்த்தால் விஷம் போகுமா?

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் கை தவறி விழுந்து உடைகிறது. தரையில் வெள்ளி முத்துக்கள் உருண்டு ஓடுகின்றன. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்! உள்ளங்கையில் வைத்து உருட்டி விளையாடுகிறார்கள்.

அது விளையாட்டுப் பொருள் அல்ல. பாதரசம்!

கண்ணுக்குத் தெரியாத ஆவி

பாதரசம் தண்ணீர் போல ஓடும் உலோகம். அடுப்பில் வைக்காமலே அது ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

தெர்மாமீட்டர் பாதரசத்தை விழுங்கிவிட்டால், அது பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். மூச்சில் ஆவியாகப் போனால்தான் ஆபத்து அதிகம். 100 பங்கில் சுமார் 80 பங்கு உடலில் தங்கிவிடும். மூளையைத் தாக்கும். சிறுநீரகத்தில் சேரும். நாள்பட்டால் கை நடுங்கும்; ஞாபகம் குறையும்; தூக்கம் கெடும்.

கொடைக்கானல் வழக்கு

நமது கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடைக்குப் போனது வெளியே தெரிந்தது. 2001-ல் ஆலை மூடப்பட்டது. உடல்நலம் கெட்டுவிட்டது என்று தொழிலாளர்கள் வழக்காடினார்கள். ஆலையால் நோய் வரவில்லை என்றது நிர்வாகம். 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் சமரசம் ஏற்பட்டது.

சூடான அறை

உடம்பில் சேர்ந்த பாதரசத்தை எப்படி வெளியேற்றுவது? “சூடான அறையில் உட்காருங்கள். விஷமெல்லாம் வியர்வையில் வடிந்துவிடும்” என்கிறார்கள் சிலர். இந்த அறைக்குச் ‘சானா’ என்று பெயர். பின்லாந்து நாட்டு வழக்கம். மரத்தால் ஆன அறைக்குள் சூடு 80 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் போகும்.

வியர்வையில் பாதரசம் வருமா? வரும். ஆனால் மிகச் சிறிதளவே! வியர்வையின் வேலை உடம்பைக் குளிர வைப்பது. பாதரசம் முக்கியமாகச் சிறுநீரிலும் மலத்திலும்தான் வெளியேறுகிறது. வியர்த்து வியர்த்து உடம்பில் நீர் வற்றினால், சிறுநீரகத்துக்குத்தான் கஷ்டம்.

சூடு உயிரையும் வாங்கும். 2009-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மனமும் உடலும் தூய்மையாகும் என்று பலரைச் சூடான கூடாரத்தில் உட்கார வைத்தார்கள். 3 பேர் இறந்தார்கள். நடத்தியவர் சிறைக்குப் போனார்.

என்ன செய்ய வேண்டும்?

தெர்மாமீட்டர் உடைந்தால் குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், முத்துக்கள் சிதறி இன்னும் பெருகும். கெட்டி அட்டையால் மெதுவாக ஒதுக்கி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். குப்பையிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். மோதிரம், வளையலை முதலிலேயே கழற்றி வையுங்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும்!

பாதரசம் புழங்கும் இடத்தில் வேலை செய்கிறவர்கள், கை நடுக்கம் கண்டால் டாக்டரிடம் போகவேண்டும். ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தால் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் பாதரசத்தை வெளியேற்ற மருந்து இருக்கிறது. ஆனால் முதல் மருந்து, அந்த ஆவியை விட்டு விலகுவதே. அதற்குக் காசு பணம் வேண்டாம். சூடான அறையும் வேண்டாம்!