கிட்டப்பா என்றால் காதல் கதை மட்டும்தானா?

எங்கள் கிளையில் பக்கத்து மேஜைக்காரர் மராத்தியர். காலாண்டு முடிவில் நாங்கள் எல்லாம் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்போம். அவர் மட்டும் ஏதாவது பழைய நாட்டிய சங்கீதப் பாட்டை முனகிக்கொண்டே வவுச்சர் பார்ப்பார். ஒருநாள் கேட்டார், "உங்க ஊர்ல எங்க பாலகந்தர்வர் மாதிரி யாரு?"

"எஸ்.ஜி.கிட்டப்பா" என்றேன், பெருமையாக. அடுத்து நான் எடுத்துவிட்டது கே.பி.சுந்தராம்பாள் கதையை. இலங்கையில் சந்தித்தது, 1927-ல் கல்யாணம், 1933-ல் அவர் இறந்தது, அதன்பிறகு அந்தம்மா கடைசிவரை வெள்ளைப் புடவையில் இருந்தது. மனுஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, பாட்டு எப்படி?" என்றார்.

சுருக்கென்றது. ஏனென்றால் நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு மாபெரும் பாடகனை, ஒரு சோகக் கதையின் கணவன் பாத்திரமாகச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 1906-ல் செங்கோட்டையில் பிறப்பு. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் மேடை. 1933 டிசம்பரில் மரணம். மொத்தம் 27 வயது. முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்' 1931-ல் வந்துவிட்டது, ஆனாலும் இவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. நமக்கு மிச்சம் கிராமபோன் தட்டுகள்தான், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய குரல் அது. உச்ச ஸ்தாயியில் நின்றுகொண்டு, மூச்சு வாங்காமல், பிருகாக்களை உதிர்ப்பதைத் தட்டின் இரைச்சலுக்கு நடுவிலும் கேட்கலாம். தியாகையரின் 'எவரனி' கீர்த்தனையும் பாடியிருக்கிறார், வள்ளலாரின் அருட்பாவும் பாடியிருக்கிறார். தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கு ராகம் என்றால் என்ன என்று காட்டியது சபா அல்ல, இந்த மாதிரி ஆட்கள்தான்.

பிறகு ஏன் காணாமல் போனார்? என் பதில் கொஞ்சம் கசக்கும். நாம்தான் "இது நாடகப் பாட்டு" என்று ஒரு முத்திரை குத்தி ஓரம் கட்டினோம். கச்சேரி மேடை உசத்தி, நாடக மேடை மட்டம். சில வருஷங்களுக்கு முன் இங்கே ஒரு சபாக்காரரிடம், "வருஷத்தில் ஒரு சாயங்காலம் நாடக இசைக்கு ஒதுக்கலாமே சார்" என்று கேட்டேன். "அதெல்லாம் நம்ம மேடைக்கு சரிப்படாது சார், கூட்டமும் வராது" என்றார். அதே மேடையில் அடுத்த வாரம் சினிமா மெல்லிசை. ஹவுஸ்ஃபுல்! அது மட்டும் சரிப்படுமாம்.

எங்கள் ஆண்டாப் ஹில்லுக்கு ஒரு பக்கம் மாட்டுங்கா, இன்னொரு பக்கம் தாராவி. மாட்டுங்காவில் கிட்டப்பா என்றால் பெரியவர்கள் "அடடா" என்று பெருமூச்சு விடுவார்கள், அதோடு சரி. தாராவியில் தென்மாவட்டத்துப் பெரியவர் யாரிடமாவது 'வள்ளி திருமணம்' என்று சொல்லிப் பாருங்கள், ஊர்க் கொடையில் விடிய விடியப் பார்த்ததைக் கதை கதையாகச் சொல்வார். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்த, சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய அதே நாடகம்தான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் திருவிழாவுக்கு ஆடுகிறார்கள். ஆக, செத்துப்போன கலை என்று சொல்வது பொய். நாம் போகாத தெருவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது நாம் பிழைக்க வந்த இந்த ஊரைப் பாருங்கள். பாலகந்தர்வர் 1967-ல் மறைந்தார். 1968-ல் புனேயில் அவர் பெயரில் அரங்கம் திறந்தாயிற்று. மாஸ்டர் தீனாநாத் மங்கேஷ்கர் (லதா, ஆஷாவின் அப்பா) பெயரில் விலே பார்லேயில் அரங்கம். 2011-ல் பாலகந்தர்வர் வாழ்க்கையே படமாக வந்தது. 1967-ல் மேடையேறிய 'கட்யார் காள்ஜாத் குஸலி' என்ற இசை நாடகம் 2015-ல் சினிமாவாகி வெற்றிகரமாக ஓடியது. அவர்களுக்கும் கச்சேரி உண்டு, கரானா உண்டு, பண்டிட்ஜிக்கள் உண்டு. அதற்காக நாடகப் பாட்டைத் திண்ணையில் உட்கார வைக்கவில்லை. கச்சேரியின் கடைசியில் பண்டிட்ஜியே ஒரு நாட்டிய கீதம் பாடி முடிப்பார், கூட்டம் எழுந்து போகாது.

"அந்த நாடகமெல்லாம் இழுவை சார், ராஜா செத்துக் கிடக்கும்போதும் பாடுவான்" என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். இத்தாலிய ஆப்பராவில் மட்டும் என்ன நடக்கிறது? கத்திக்குத்து வாங்கினவன் பத்து நிமிஷம் பாடிவிட்டுத்தான் சாகிறான். 1921-ல் இறந்த கரூஸோவின் தட்டுகளை இன்றும் தூசு தட்டி, இரைச்சல் நீக்கி வெளியிடுகிறார்கள். ஆப்பரா பாடும் கலைக்கு 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் வாங்கிவிட்டார்கள். நாடகத்தின் இழுவைக்காக யாரும் குரலைத் தூக்கிப் போடவில்லை.

நம் பிள்ளைகள் இங்கே பள்ளியில் மராத்தி படிக்கிறார்கள், பாலகந்தர்வர் யார் என்று தெரிந்துகொள்கிறார்கள். நல்லது, தெரியட்டும். "நம்ம ஆள் யாரு அப்பா?" என்று அவர்கள் கேட்டால் என்னை மாதிரி வெள்ளைப் புடவைக் கதை சொல்லாதீர்கள். அந்தத் தட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்றைப் போட்டுவிட்டு மூன்று நிமிடம் பேசாமல் இருங்கள்.

நான் அதைத்தான் செய்தேன். மதிய இடைவேளையில் மராத்தி நண்பரின் காதில் ஹெட்ஃபோனை மாட்டினேன். பாட்டு முடிந்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை போடு" என்றார்.