பலகை போயிற்று, பார்வை போயிற்றா?

தூத்துக்குடிக்கு வருவோரை நாம் பரோட்டாக் கடைக்கு அழைத்துச் செல்கிறோம். பொரித்த பரோட்டா வருகிறது, சால்னா வருகிறது. பக்கத்தில் அமர்ந்தவர் எக்குலம் என்று கேட்பாரில்லை. இந்தச் சமபந்தி தானாக வந்ததா? இல்லை, தோழர்களே! உணவு விடுதியில் சாதி சொல்லி எவரையும் தடுக்கலாகாதென 1950இலேயே அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு விதித்தது. அதன் பின்னும், 1957இல், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் வீற்றிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்து சிறை புக நேர்ந்தது!

உண்ண இடம் கிடைத்தது. உறங்க?

பள்ளிப் பணியேற்று இந்நகரில் அறை தேடினோம். "எந்த ஊர்?" என்றார் வீட்டுக்காரர். "அப்பா பெயர்?" என்றார். "ஊரில் எந்தத் தெரு?" என்றார். தெருவைச் சொன்னதும், அறை நேற்றே போய்விட்டதாம்! 'வாடகைக்கு விடப்படும்' என்ற அட்டை மட்டும் மறுவாரமும் தொங்கிற்று. அவர் வீட்டு உலையில் விழுவதும் நம் உப்பளத்து உப்புத்தானே? வெயிலில் வெந்து அதை வாரிய கை எந்தத் தெருக் கை என்று கேட்டாரா?

குடியிருப்பில் தீண்டாமை காட்டுவதும் குற்றமென்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சொல்லட்டும். "நேற்றே போய்விட்டது" என்பவரை எந்தச் சாட்சியுடன் கூண்டில் ஏற்றுவது?