ஒரே குசினியா, தனித்தனி அடுப்பா?

சின்னக் குழுக்கள் நடத்தும் இணைய இதழ்கள் இடையில் நின்று போனால் காசில்லை, எழுத ஆளில்லை என்றுதான் கதைக்கிறோம். பின்னால் இருக்கிற சேர்வர் எப்படி வேலை செய்யுது எண்டு யாரும் கேட்பதில்லை. அது கணினி படிக்கிற ஆக்களின் விஷயமாம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒரே நேரத்தில் பலர் ஒரு பக்கத்தைக் கேட்டால் சேர்வர் இரண்டு விதமாகச் சமாளிக்கலாம். ஒன்று, பல புரொசெஸ்கள்: ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். மற்றது, ஒரு புரொசெஸ்ஸுக்குள் பல த்ரெட்கள்: எல்லாம் ஒரே நினைவகத்தைப் பகிரும். போர்டிங்கில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். பத்துப் பேருக்கு ஒரு குசினி எண்டால் செலவு குறைவு. ஆனால் ஒருத்தர் காஸை மூடாமல் போனால் எல்லாருக்கும் ஆபத்து. தனித்தனி அடுப்பு எண்டால் செலவு கூட. கறி கருகினால் கருக்கினவருக்கு மட்டும்தான் பட்டினி.

யுனிக்ஸ் வகைக் கணினிகளில் அப்பாச்சி சேர்வருக்குத் த்ரெட் முறை 2002 இல், 2.0 பதிப்போடு வந்தது. ஆனாலும் பீஎச்பி பாவித்தவர்கள் பலர் பழைய 'பிரீஃபோர்க்' முறையை விடவில்லை. அது பிடிவாதம் இல்லை. பீஎச்பி வேறு ஆக்கள் எழுதிய எத்தனையோ துணை மென்பொருட்களில் தங்கியிருக்கிறது. ஒரே நினைவகத்தில் சேர்ந்து ஓடும்போது ஒன்றின் தரவை மற்றது குழப்பாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இப்படியான பிழை எப்போதாவதுதான் தலைகாட்டும், தேடினால் அகப்படாது. ஒரு த்ரெட் மோசமாக விழுந்தால் அதே புரொசெஸ்ஸில் இருக்கிற மற்றதுகளும் சேர்ந்து விழும்.

த்ரெட் பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு புரொசெஸ் 50 எம்பி எடுத்தால், 1 ஜிபி சேர்வரில் இருபதே நிறைய. பிரீஃபோர்க்கில் பீஎச்பியை அப்பாச்சிக்குள்ளேயே ஏற்றினால், சும்மா ஒரு படத்தை அனுப்புகிற புரொசெஸ்கூட முழு பீஎச்பியையும் சுமக்கும். அது வீண்தான்.

அதற்கும் வழி வந்துவிட்டது. 2010 இல் பீஎச்பி 5.3.3 ஓடு எஃப்பிஎம் சேர்ந்தது. படங்களை முன்னால் நிற்கும் சேர்வர் தன் இலேசான முறையில் அனுப்பும். பீஎச்பி மட்டும் பின்னால் தனித்தனிப் புரொசெஸ்களில் ஓடும். எத்தனை புரொசெஸ், எத்தனை கோரிக்கைக்குப் பிறகு ஒன்றை மூடிப் புதிதாகத் தொடங்குவது என்பதை நாங்களே தீர்மானிக்கலாம்.

வேர்ட்பிரஸ்ஸில் முகம் தெரியாத ஆக்கள் எழுதிய பிளகின் பத்தைப் போட்டு இதழ் நடத்துகிற எங்களுக்கு இதுதான் சரி. கொஞ்சம் மெதுவான தளத்தை வாசகர் பொறுப்பார். அடிக்கடி விழுகிற தளத்துக்குத் திரும்பி வரமாட்டார். அடுத்த முறை சேர்வர் அமைத்துத் தருகிறவரிடம் விலையோடு இதையும் கேளுங்கள்: ஒரு பக்கம் விழுந்தால் எத்தனை பக்கம் சேர்ந்து விழும்?