இயற்கை வேளாண்மைக்கு நிதி: பட்டா இல்லாதவர்கள் எங்கே நிற்பது?

காவிரிப் படுகையின் கடைமடைக் கிராமம் ஒன்றில் தலித் பெண்கள் எழுவர் இரண்டு ஏக்கர் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து, மூன்று ஆண்டுகளாக இரசாயன உரமின்றி மரபு நெல் பயிரிட்டு வந்தனர். அதிகாரிகள் வந்து வயலைப் பார்த்தார்கள், பாராட்டினார்கள், படமும் எடுத்துக்கொண்டார்கள். திட்டத்தில் சேர்வதற்கான விண்ணப்பத்தை நிரப்பும்போது பட்டா, சிட்டா, அடங்கல் நகல்கள் கேட்கப்பட்டன. அவை அனைத்தும் நகரத்தில் வசிக்கும் நில உரிமையாளரின் பெயரில் இருந்தன. முடிவில் ஊக்கத்தொகை அவருடைய வங்கிக் கணக்கிற்குச் சென்றது. சாணம் சுமந்தவர்களும், கரைசல் கலக்கியவர்களும், களை பறித்தவர்களும் அப்பெண்கள். பதிவேட்டில் இயற்கை விவசாயி என்று இருப்பவரோ அவர். சட்ட ஆலோசனைக்காக அப்பெண்கள் நம்மிடம் வந்தபோது கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இதைக் கேட்கப்போனால் குத்தகை நிலமாவது மிஞ்சுமா?"

நீடித்த வேளாண்மைக்கு அரசு செலவிடும் பணத்தைப் பற்றிய எந்த ஆய்வும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

பணம் எவ்வழியே செல்கிறது?

தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்திற்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. மொத்த மதிப்பீடு 2,481 கோடி ரூபாய். இதில் ஒன்றிய அரசின் பங்கு 1,584 கோடி, மாநிலங்களின் பங்கு 897 கோடி. ஒரு கோடி விவசாயிகளையும் 7.5 லட்சம் எக்டேர் நிலத்தையும் சென்றடைவது இலக்கு. 2015-16 முதல் 'பரம்பரகத் கிருஷி விகாஸ் யோஜனா' என்ற அங்கக வேளாண்மைத் திட்டம் நடைமுறையில் உள்ளது. தமிழக அரசு 2023இல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. 2024-25இல் 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தை 206 கோடி ரூபாயில் அறிவித்தது. மண்ணைக் காக்க நிதி ஒதுக்கப்படுவதை நாம் வரவேற்கிறோம். பூச்சிக்கொல்லியை முதலில் சுவாசிப்பவர்கள் அதைத் தெளிக்கும் கூலித் தொழிலாளர்களே என்பதால், இந்த மாற்றம் வேறு எவரையும்விட நமக்கே அதிகம் தேவை.

ஆயினும் அங்கக வேளாண்மைத் திட்டத்தின் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு எக்டேருக்கு 31,500 ரூபாய். அதில் அங்கக இடுபொருட்களுக்காக விவசாயியின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுவது 15,000 ரூபாய். எஞ்சியது சந்தைப்படுத்தல், சான்றளிப்பு, பயிற்சி ஆகியவற்றுக்கு. இரண்டு எக்டேர் உள்ளவருக்கு மூன்று ஆண்டுகளில் 30,000 ரூபாய் கிடைக்கும். அரை ஏக்கர் வைத்திருக்கும் தலித் விவசாயிக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு ஆயிரம். நிலமே இல்லாதவருக்கு ஒன்றுமில்லை. உதவியின் அளவுகோல் உழைப்போ வறுமையோ அன்று, நிலத்தின் பரப்பளவு.

நிலம் யாரிடம் இருக்கிறது? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் மொத்தச் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டிற்கும் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் அவர்களின் பங்கு 16.6 விழுக்காடு, தமிழகத்தில் 20 விழுக்காடு. வேளாண்மையில் உழைக்கும் பட்டியல் சாதியினரில் பத்தில் ஏழு பேர் கூலித் தொழிலாளர்கள் என்பதும் அதே கணக்கெடுப்பு காட்டிய உண்மை. எனவே பரப்பளவை அடிப்படையாகக் கொண்ட எந்த மானியமும், சாதியின் பெயரை ஓரிடத்திலும் உச்சரிக்காமலே, சாதி வகுத்த பாதையில் சென்றுவிடுகிறது.

கணக்கில் வராத கூலி

களைக்கொல்லியை நிறுத்தினால் களை நின்றுவிடுவதில்லை. அதைக் கையால் பறிக்க வேண்டியிருக்கிறது. இரசாயன வேளாண்மையில் ஒரு புட்டி மருந்து செய்த வேலையை இயற்கை வேளாண்மையில் பெண்களின் முதுகெலும்பு செய்கிறது. மேற்சொன்ன 31,500 ரூபாயில் கூலிக்கென்று தனித் தலைப்பு எதுவும் இல்லை. சந்தையில் இயற்கை அரிசிக்குக் கூடுதல் விலை கிடைக்கும்போதும், அந்தக் கூடுதலில் களை பறித்தவருக்குப் பங்கு தர வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. நஞ்சில்லா உணவு என்ற முத்திரை உண்பவரின் நலனுக்குச் சாட்சி சொல்கிறது. விளைவித்தவருக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்பதற்கு அதில் சாட்சியம் இல்லை.

சான்றளிப்பு முறையிலும் இதே சிக்கல் உண்டு. பங்கேற்பு உறுதியளிப்பு முறையில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு, ஒருவருக்கொருவர் உறுதியளிக்க வேண்டும். செலவு மிக்க தனியார் சான்றிதழைவிட இது சிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊரும் காலனியும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில், தலித் விவசாயியின் வயலுக்கு உறுதியளிக்க முன்வரும் 'சகவிவசாயி' யார்? குழுவின் நம்பிக்கையையே ஆதாரமாகக் கொண்ட முறை, அந்த நம்பிக்கை சாதியால் பிளவுண்டு கிடப்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

சட்டம் அறிந்ததைத் திட்டம் அறியவில்லை

தமிழகம் எதுவுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. பட்டியல் சாதி, பழங்குடி சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண் இயந்திரம் உள்ளிட்டவற்றில் கூடுதலாக 20 விழுக்காடு மானியம் வழங்கப்படுகிறது. ஆனால் அதைப் பெறவும் முதலில் நிலம் வேண்டும். நிலமற்ற பெண் தொழிலாளர்கள் நிலம் வாங்க 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தரும் 'நன்னிலம்' திட்டம் 2023-24இல் அறிவிக்கப்பட்டது. திசை சரியானது. ஒதுக்கீடோ 10 கோடி ரூபாய். முழு மானியத்தையும் பெறுவதாகக் கொண்டால் 200 பெண்களுக்கு மட்டுமே அது போதும்.

வாங்கித் தருவதற்கு முன்பு, பறிக்கப்பட்டதை மீட்டுத் தர வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பிறருக்குக் கைமாற்றக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அவை கைமாறின. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார்கள். மீட்கப்படாத ஒவ்வொரு பஞ்சமி ஏக்கரும் இன்று வேறொருவர் பெயரில் வேளாண் மானியம் பெறத் தகுதியுள்ள நிலமாக மாறக்கூடும்.

குத்தகையைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், எழுத்தில் இல்லாத உட்கிடையான ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. தன் உடலுழைப்பைச் செலுத்துபவரையே சாகுபடிக் குத்தகைதாரர் என்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைப் பதிவுசெய்ய வழிவகுக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் கண்டுகொண்ட உழவரை இன்றைய இணையவழி விண்ணப்பம் கண்டுகொள்ளவில்லை.

நிலமற்றோரை அடையாளம் காண்பது கடினம் என்ற வாதமும் நிற்காது. ஒடிசாவின் 'காலியா' திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் வாழ்வாதார உதவியை அறிவித்தது. தெலங்கானா 2025இல் நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் திட்டத்தைத் தொடங்கியது. ஆந்திரம் 2019இல் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் இயற்றி 11 மாத அட்டை வழங்கியது. ஆனால் அதற்கு உரிமையாளரின் ஒப்புதல் தேவைப்பட்டதால் பலருக்கு அது எட்டாக்கனியானது. தமிழகம் அந்தத் தவறைத் தவிர்த்து ஒரு படி மேலே செல்லலாம்.

நாம் கோருவன

உரிமையாளரின் கையொப்பம் கேட்காமல், கிராம சபையின் சான்றையும் கள ஆய்வையும் கொண்டு சாகுபடியாளரைப் பதிவுசெய்ய வேண்டும். ஊக்கத்தொகை அவருக்கே செல்ல வேண்டும். மானியக் கணக்கில் கூலிக்கென்று தனித் தலைப்பு வேண்டும். மீட்கப்படும் பஞ்சமி நிலங்களைத் தலித் பெண்களின் கூட்டுப் பண்ணைகளுக்கு வழங்கி, இயற்கை வேளாண்மை நிதியின் முதல் பயனாளிகளாக அவர்களை ஆக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் மேம்பாட்டுச் செயல்திட்டத்திற்கென 2024 ஜூனில் சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. மக்கள்தொகை விகிதத்திற்கேற்ற ஒதுக்கீடு இனி அரசின் கருணையன்று, கடமை. வேளாண் துறையும் அதற்குள் அடங்கும்.

கல்லூரி மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் மாவட்ட வேளாண் இணை இயக்குநர் அலுவலகத்திடம் கேளுங்கள்: இயற்கை வேளாண்மைத் திட்டங்களின் பயனாளிகளில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், குத்தகைதாரர்கள் எத்தனை பேர், ஒவ்வொரு பிரிவினரும் பெற்ற தொகை எவ்வளவு? வரும் பதிலை உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், நிலத்தை அரசுடைமையாக்கிச் சாதி வேறுபாடின்றிக் கூட்டாகப் பயிரிடக் கொடுக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். உழுபவருக்கு நிலத்தின்மீது உரிமை இல்லாத வரை வேளாண்மையில் எந்தச் சீர்திருத்தமும் முழுமை பெறாது என்பதற்கு அந்தக் கடைமடைக் கிராமமே சான்று. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்த எழுவருக்கான மனுவை நாம் தயாரித்து வைத்திருக்கிறோம். இதுவரை இருவர் கையொப்பமிட்டுள்ளனர். மற்ற ஐவரும் அடுத்த அறுவடை முடியட்டும் என்கிறார்கள். அவர்களது அச்சத்தை நாம் குறைகூற முடியாது. அந்த அச்சத்தைப் போக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கு உண்டு, நமக்கும் உண்டு.